சுண்ணாம்பை மறந்த சோளம்

வணக்கம் ஐயா. புரட்டாசி மாதம் முழுவதும் எங்கள் வீட்டில் சைவம். மெக்சிகோ நாட்டு டோஸ்டாடாவை வீட்டிலேயே செய்து தரும்படி மகன் கேட்டான். கடையில் சோள மாவு வாங்கிப் பிசைந்தேன், தட்டும்போதே உதிர்ந்துவிட்டது. அப்பளத்தைப் பொரித்து அதன்மேல் பீன்ஸ் மசியலைப் பரப்பினால் போதாதா? இறைச்சி இல்லாவிட்டால் அது டோஸ்டாடாவே இல்லை என்று என் தோழி சொல்வது சரியா?

ஒரு வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

தோழி சொல்வதைப் பொருட்படுத்த வேண்டாம். டோஸ்டாடா என்ற ஸ்பானியச் சொல்லுக்கு ‘வாட்டியது’ என்றுதான் பொருள். மொறுமொறுப்பான மக்காச்சோள ரொட்டிதான் அது, மேலே வைப்பது வீட்டுக்கு வீடு மாறும். அப்பளமும் வேண்டாம். உளுந்தில் செய்ததை மக்காச்சோளத்தின் பெயரால் பிள்ளைக்கு ஏன் கொடுக்க வேண்டும்?

மாவு உதிர்ந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பற்றித்தான் நானும் சில வாரங்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் வாங்கியது சூப்பைக் கெட்டியாக்கப் பயன்படும் வெள்ளைப் பொடியாகத்தான் இருக்கும், அது வெறும் மாச்சத்து. பொட்டலத்தில் எழுதியிருப்பதைப் படிக்காமல் வாங்கியது உங்கள் தவறு. ஆனால் முழு மக்காச்சோளத்தை அரைத்த மாவாக இருந்திருந்தாலும் அது உதிர்ந்துதான் இருக்கும். கோதுமையைப் பிணைக்கும் பசைப்புரதம் அதில் இல்லை. மெக்சிகோவின் பழங்குடி மக்கள் காய்ந்த மணிகளைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவு முழுவதும் ஊறவிட்டு, தோலைத் தேய்த்துக் கழுவி அரைத்தார்கள். சுண்ணாம்பு தோலை இளக்குவதால்தான் மாவு ஒன்றோடொன்று பற்றிக்கொள்கிறது. அவர்கள் அரைத்த ‘மெட்டாட்டே’ என்னும் கல், சரிவாக நிற்கும் நம் அம்மிதான். மேலே உருட்டும் கல் நம் குழவிதான்.

ஐரோப்பியர்கள் அமெரிக்கக் கண்டத்திலிருந்து இந்தத் தானியத்தைக் கொண்டுபோனார்கள். சுண்ணாம்பை விட்டுவிட்டுப் போனார்கள். மக்காச்சோளத்தில் உள்ள நியாசின் என்னும் உயிர்ச்சத்து சுண்ணாம்பில் வெந்தால்தான் நம் உடலுக்குச் சரிவரக் கிடைக்கும். சுண்ணாம்பில்லாத மக்காச்சோளத்தையே பெரிதும் உண்டு வாழ்ந்த ஏழைகளுக்குத் தோல் வெடித்தது, வயிறு போனது, சித்தம் கலங்கியது. ஸ்பெயினில் காஸ்பர் கசால் என்ற மருத்துவர் 1735-இல் விவரித்த பெல்லாக்ரா நோய் இதுதான். ஒரு மக்கள் அடுப்படியில் கண்டறிந்ததை அறியாமை என்று ஒதுக்கிவிட்டு, விளைச்சலை மட்டும் அள்ளிக்கொண்டவர்கள் தந்த தண்டனையை ஏழைகள் அனுபவித்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

என் பாட்டி கெடாவில் பால்மரம் வெட்டியவர். அவருடைய வெற்றிலைப் பெட்டியில் பித்தளைச் சுண்ணாம்புச் சிமிழ் ஒன்று இருந்தது. குளவி கொட்டினால் அதிலிருந்துதான் தடவுவார். சென்ற மாதம் பினாங்கில் என் வீட்டில் முதன்முதலாகச் சோளத்தைச் சுண்ணாம்பில் வேகவைத்தபோது, எழுந்த ஆவியில் அந்தப் பெட்டியின் வாசம் இருந்தது. அடுப்பை அணைத்த பிறகும் நெடுநேரம் அங்கேயே நின்றிருந்தேன். அவருடைய அம்மியை, அடுக்குமாடி வீட்டுக்கு மாறியபோது, கனமாக இருக்கிறதென்று நாங்கள் விட்டுவிட்டு வந்தோம். அந்தத் தவறுக்கு மன்னிப்பே இல்லை.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். ஒரு கிலோ காய்ந்த மக்காச்சோளத்துக்கு, உணவுக்கென விற்கும் வெள்ளைச் சுண்ணாம்புத் தூள் 10 கிராம் போதும். நிறம் கலந்த வெற்றிலைச் சுண்ணாம்பு வேண்டாம். அலுமினியப் பாத்திரமும் வேண்டாம், சுண்ணாம்பு அதை அரிக்கும். தோல் விரலில் கழலும் வரை வேகவைத்து, மறுநாள் நன்றாகக் கழுவி, உங்கள் கல் கிரைண்டரிலேயே கூடியவரை குறைந்த நீர் விட்டு அரையுங்கள். நெகிழி உறைகளுக்கு நடுவே வைத்துத் தட்டி, தோசைக்கல்லில் வாட்டி, ஈரம் போகும்வரை உலரவிட்டுப் பொரித்தெடுங்கள். ஈரம் இருந்தால் உப்பிக்கொள்ளும், மொறுமொறுப்பு வராது.

பீன்ஸை அங்கே பெரும்பாலும் பன்றிக்கொழுப்பில் வதக்குவார்கள். நீங்கள் எண்ணெயில் வதக்கி மசியுங்கள். டின்னில் வருவதை வாங்கினால் இம்முறையாவது எழுத்தைப் படியுங்கள். முட்டைக்கோஸ், தக்காளி, கொத்தமல்லி, வெண்ணெய்ப்பழம் ஆகியவற்றோடு லீமாவ் கஸ்தூரி என்னும் சிறு எலுமிச்சையைப் பிழிந்துவிடலாம். எதையும் முன்கூட்டியே அடுக்கி வைக்காதீர்கள்; சில நிமிடங்களில் ரொட்டி நமுத்துவிடும். கிண்ணங்களை மேசையில் வைத்துவிட்டு, மகனையே பரப்பிச் சாப்பிடச் சொல்லுங்கள்.