வீடு நல்லாருக்கு, தெரு எப்படி?

ஆடி பிறப்பதற்குள் பால் காய்ச்சிவிட வேண்டும் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் வீடு தேடுகிறீர்கள் போலிருக்கிறது. வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான், அதனால் இந்த இதழில் அந்தக் கேள்விகள் மட்டும்.

கேள்வி: அக்கா, என் கணவர் நெய்வேலியில் இந்த வருடம் ரிட்டயர் ஆகிறார். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். கடலூர் மஞ்சக்குப்பம் பக்கம் ஒரு தனி வீடு வாடகைக்குப் பார்த்திருக்கிறோம். எவ்வளவு மழை பெய்தாலும் இந்தத் தெருவில் தண்ணீர் நிற்காது என்று வீட்டுக்காரரும் புரோக்கரும் அடித்துச் சொல்கிறார்கள். நம்பலாமா?
- வாசகி, நெய்வேலி

அவர்கள் சொல்வது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். மழைத் தண்ணீர் நிற்காமல் வடிந்து போகலாம். ஆனால் கடலூரில் நம் தலையில் பெய்கிற மழைக்கு மட்டும் பயந்தால் போதாதே அம்மா. வடக்கே தென்பெண்ணை, நடுவில் கெடிலம், தெற்கே பரவனாறு, உப்பனாறு என்று எங்கெங்கோ பெய்ததெல்லாம் நம்ம ஊர் வழியாகத்தான் கடலுக்குப் போகிறது, அதிலும் மஞ்சக்குப்பம் பெண்ணைக்கும் கெடிலத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. 2024-ல் ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தபோது அங்கே ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. சரி, புயல் போய்விட்டது என்று இங்கே ஜனங்கள் மூச்சு விட்ட நேரத்தில், டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையில் ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்தார்கள். திருவண்ணாமலை மாவட்டத்தில் திறந்த தண்ணீர் விழுப்புரம் மாவட்டத்தைத் தாண்டி வந்து ஆல்பேட்டை, கண்டக்காடு பக்கமெல்லாம் வீட்டுக்குள் புகுந்தது. இங்கே மழை பெய்ததா இல்லையா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அதனால் "தண்ணி வருமா" என்று கேட்காதீர்கள், யாரும் வரும் என்று சொல்லமாட்டார்கள். "2015 வெள்ளத்துலயும் ஃபெஞ்சல் அப்பவும் உங்க வண்டிய எங்க கொண்டுபோய் நிறுத்தினீங்க?" என்று கேளுங்கள். வாசல்லயேதான் நின்னுச்சு என்றால் நிம்மதி. "மெயின் ரோட்டுல மச்சான் வீட்ல விட்டுட்டு, புள்ளைங்களை ஊருக்கு அனுப்பிட்டோம்" என்று ஆரம்பித்தால் உட்கார்ந்து முழுக்கதையும் கேட்டுவிட்டு வாருங்கள். இதை வீட்டுக்காரரிடம் கேட்டுப் பிரயோஜனமில்லை. தெருமுனையில் இஸ்திரி வண்டி போட்டிருப்பவர், தண்ணீர் கேன் போடுகிற பையன், பால் ஊற்றுகிறவர், இவர்களுக்குத்தான் எந்த வீட்டில் எந்தப் படி வரை தண்ணீர் ஏறியது என்பது அத்துப்படி. இவர்கள் யாருக்கும் நீங்கள் குடிவந்தால் கமிஷன் கிடையாது.

அப்புறம் வீட்டைப் பாருங்கள், ஆனால் ஹாலை அல்ல. ஹாலுக்குத்தான் புதுசாகப் பெயின்ட் அடித்திருப்பார்களே. நேராகக் கொல்லைப்பக்கம் போய், காம்பவுண்ட் சுவரின் உள்பக்கத்தையும் பாத்ரூம் வெளிச்சுவரையும் பாருங்கள். முழங்கால் உயரத்தில் பழுப்பாக ஒரு கோடு சுவர் நெடுக ஒரே மட்டத்தில் ஓடினால் அது வெறும் பாசி இல்லை. மரக்கதவு அடிப்பக்கம் உப்பியிருக்கிறதா, இரும்பு கேட் கீழ் அரையடி மட்டும் துருவேறியிருக்கிறதா, மோட்டார் எவ்வளவு உயரத்தில் மாட்டியிருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் வாஷிங் மெஷினைக் கருங்கல் மேல் ஏற்றி வைத்திருக்கிறாரா என்று கவனியுங்கள். யாரும் காரணமில்லாமல் வாஷிங் மெஷினைத் தூக்கி வைப்பதில்லை. ரோட்டையும் ஒருதரம் பாருங்கள். தார் மேல் தார் போட்டு, வாசல்படிக்கு மேலே ரோடு போகிற தெருக்கள் நம் ஊரில் எத்தனையோ. பழைய தாரைச் சுரண்டிவிட்டுத்தான் புதுசு போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளரே உத்தரவு போட்டார், ஆனால் அதற்கு முன்னால் உயர்ந்த ரோடு உயர்ந்ததுதானே. வாசலில் இருந்து தெருவுக்கு இறங்காமல் ஏறிப் போகிற வீடு என்றால், வாடகை எவ்வளவு குறைந்தாலும் எனக்கு வேண்டாம்.

குழாயைத் திறந்து ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டு வந்து அதில் துவரம்பருப்பை வேகவைத்துப் பாருங்கள். போர் தண்ணீர் கடினமாக இருந்தால் பருப்பு விழித்துக்கொண்டே கிடக்கும். தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பை அளக்கிற டிடிஎஸ் மீட்டர் யாரிடமாவது இருந்தால் இன்னும் நல்லது, குடிக்கிற தண்ணீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை என்பது கணக்கு, வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். கடலோர ஊர், கிழக்கே போகப்போக உப்பு கூடும்.

இதையெல்லாம் சித்திரை வெயிலில் பார்க்கும்போது எல்லாத் தெருவும் அழகாகத்தான் இருக்கும். முடிந்தால் ஐப்பசியில் ஒரு நல்ல மழை பெய்த மறுநாள் வந்து பாருங்கள். அதுவரை குவார்ட்டர்ஸில் இருக்க அனுமதி கிடைக்குமா என்று கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. மேடாகவே வேண்டும் என்றால் கேப்பர் மலைப் பக்கம் தேடுங்கள், ஆற்று வெள்ளப் பயம் இருக்காது, பஸ்ஸுக்கும் கடைகண்ணிக்கும்தான் கொஞ்சம் அலைய வேண்டும்.

கேள்வி: கடலூர் முதுநகருக்குத் தெற்கே, சிதம்பரம் ரோட்டில் நல்ல வீடு, வாடகை ரொம்பக் குறைவு. என் பையனுக்கு இளைப்பு உண்டு. மதியம் போய் ஒரு மணி நேரம் இருந்து பார்த்தோம், சிப்காட் தொழிற்பேட்டை வாடை எதுவும் இல்லை. போகலாமா?
- வாசகர், திருப்பாப்புலியூர்

மதியம் கடற்காற்று அடிக்கிற நேரத்தில் போனால் எங்கேயும் வாடை தெரியாது சார். ராத்திரி காற்று அடங்கின பிறகு புகையும் வாடையும் மேலே போகாமல் தரையோடு தங்கும். பத்து மணிக்கு மேல் ஒருதரம், விடியற்காலையில் ஒருதரம் போய் நின்று பாருங்கள். குடிகாடு, பச்சையாங்குப்பம் ஜனங்கள் எத்தனையோ வருஷமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

மூக்கை மட்டும் நம்பாமல் பக்கத்தில் இருக்கிற மெடிக்கல் ஷாப்பில் போய், இன்ஹேலர் நிறையப் போகுதாண்ணே என்று பேச்சுக் கொடுங்கள். முதுநகர் முழுக்கவே ஆகாது என்று நான் சொல்லவரவில்லை, துறைமுகப் பக்கம் வருவது கருவாட்டு வாடை, அதற்கு யாருக்கும் மூச்சு முட்டாது, பசிதான் எடுக்கும். ஆனால் இளைப்பு இருக்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு கெமிக்கல் கம்பெனி ஓரத்தில் குடிபோவதற்கு வாடகை குறைவு ஒரு காரணமே இல்லை. வேண்டாம்.

கேள்வி: எனக்கு வேலை புதுச்சேரியில், மனைவிக்குக் கடலூரில். நடுவில் கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில் பக்கம் வீடு பார்க்கலாம் என்று நினைக்கிறோம். மகள் அரசுப் பள்ளியில் எட்டாவது படிக்கிறாள். ஏரியா எப்படி அக்கா?
- வாசகர், கடலூர்

ஏரியா நன்றாகத்தான் இருக்கிறது தம்பி, வயலும் வரப்புமாக. எல்லையில் இருக்கிற முள்ளோடையைத் தாண்டினால் தமிழ்நாடு முடிந்து புதுச்சேரி என்பதைத்தான் யோசிக்க வேண்டும். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு இத்தனை யூனிட் கரன்ட் இலவசம் என்று இருக்கிறது, அந்தப் பக்கம் மாசாமாசம் பில் வரும், இந்த இலவச யூனிட் கணக்கு அங்கே செல்லாது. ரேஷன் கார்டை மாற்றினால் உங்கள் மனைவிக்கு இங்கே வருகிற உரிமைத்தொகை நின்றுபோகும். வண்டியை 12 மாதத்துக்கு மேல் அங்கேயே வைத்திருந்தால் நம்பர் மாற்ற வேண்டும் என்பது சட்டம், யார் மாற்றுகிறார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள்.

இதெல்லாம் சில்லறை விஷயம். மகளைப் பற்றித்தான் நீங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீதம் உள்ஒதுக்கீடு இருக்கிறது. நடுவில் புதுச்சேரி பள்ளியில் சேர்த்தால் அது போச்சு. போதாததற்கு அங்கே அரசுப் பள்ளிகள் இப்போது சிபிஎஸ்இ பாடத்திட்டம், எட்டாவதில் போய்த் திடீரென்று மாறுவது பிள்ளைக்கும் சிரமம். அங்கே வீடு எடுங்கள், பள்ளியை மட்டும் மாற்றாதீர்கள். அதற்கு பஸ் நேரம் ஒத்துவருமா என்று காலையில் நீங்களே ஒருநாள் ஏறிப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். மெயின் ரோட்டை ஒட்டி, எல்லை ஒயின் ஷாப்புகளுக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம். சனி, ஞாயிறு சாயந்திரம் இந்தப் பக்கத்து ஆட்கள் வண்டி வண்டியாக அங்கே போவதும், திரும்பி வருவதும், அது ஒரு தனித் திருவிழா.

கேள்வி: இலாசுப்பேட்டையில் எனக்குப் பிடித்த வீடு அமைந்துவிட்டது. மாமனார் மட்டும் "நம்மாளுங்க இருக்குற ஏரியாவாப் பாரு, அதுதான் பாதுகாப்பு" என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். என்ன பதில் சொல்வது?
- வாசகி, புதுச்சேரி

மாமனாரிடம் சண்டை போட வேண்டாம். பாதுகாப்புதானே அவருக்குக் கவலை, சரி மாமா, பார்த்துவிடலாம் என்று அவரையே கூட்டிக்கொண்டு ராத்திரி ஒன்பது மணிக்கு அந்தத் தெருவில் நடந்துவிட்டு வாருங்கள். தெருவிளக்கு எரிகிறதா, டியூஷன் முடிந்து பெண்பிள்ளைகள் தனியாகச் சைக்கிளில் போகிறார்களா, திண்ணையில் வயசானவர்கள் உட்கார்ந்து உங்களை "யாரு வேணும்?" என்று விசாரிக்கிறார்களா என்று அவரே பார்க்கட்டும். இப்படி விசாரிக்கிற கிழவி ஒருத்தி தெருவில் இருந்தால் கேமரா வேண்டாம். ராத்திரி நெஞ்சுவலி என்றால் ஆட்டோ பிடித்துக்கொண்டு வருவது எதிர்வீட்டு ஆள், அவர் என்ன ஆளுங்க என்று அப்போது யாரும் கேட்பதில்லை. வீட்டுக்காரரே முதல் கேள்வியாக "நீங்க என்ன ஆளுங்க" என்று ஆரம்பித்தால், வீடு எவ்வளவு பிடித்திருந்தாலும் நான் அந்தப் படியேறமாட்டேன். இன்றைக்கு அதைக் கேட்கிறவர், நாளைக்கு உங்கள் வீட்டுக்கு வந்துபோகிறவர்களையும் கேட்பார். மற்றபடி புதுச்சேரியில் மேடான இடங்களில் இலாசுப்பேட்டையும் ஒன்று. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர்க்காரர்கள் ஒவ்வொரு பெருமழைக்கும் படுகிற பாட்டை மாமனாரும் பேப்பரில் பார்த்திருப்பாரே, அதை நினைவுபடுத்துங்கள்.

கேள்வி: கல்யாண மண்டபத்துக்கு நேர் பின்னால் வீடு. வாடகையில் ஆயிரம் ரூபாய் குறைத்துத் தருகிறேன் என்கிறார்கள். எடுக்கலாமா?
- வாசகர், நெல்லிக்குப்பம்

ராத்திரி 10 மணி முதல் காலை 6 மணி வரை மூடிய மண்டபத்துக்கு வெளியே ஒலிபெருக்கி கூடாது என்று சட்டம் இருக்கிறது. முகூர்த்த நாளில் போய் அந்தச் சட்டத்தை மண்டபத்துக்காரரிடம் சொல்லிப் பாருங்கள், வெத்தலை பாக்கு கொடுத்து உட்கார வைப்பார்கள். சத்தத்தைக்கூடப் பழகிக்கொள்ளலாம், பின்பக்கம் என்றால் எச்சில் இலை கொட்டுகிற இடமும் ஜெனரேட்டரும் அங்கேதான் இருக்கும். இலையைத் தினம் யார் அள்ளுகிறார்கள் என்று கேளுங்கள். பதில் இழுத்தால் ஆயிரம் பத்தாது, இரண்டாயிரம் குறைக்கச் சொல்லிவிட்டு வேற வீடு பாருங்கள்.