பழைய நட்சத்திரம் மேலாளரானால் ரசிகர்களுக்கு ஏன் பதற்றம்?

ஐஸ் ஹாக்கியில் முன்னாள் வீரர் ஒருவர், வீரர்களைத் தேர்ந்து அணியைக் கட்டும் பொது மேலாளரானால் ரசிகர்கள் குதூகலிக்கிறார்கள், கூடவே பதறவும் செய்கிறார்கள், ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். குதூகலம் புரிந்ததுதான்: கோப்பை வாங்கித் தந்தவர் மறுபடி நம்ம பக்கம். பதற்றம் வேறு. முகம் தெரியாத மேலாளர் சொதப்பினால் வாய்க்கு வந்தபடி திட்டலாம். சுவரில் படம் ஒட்டி வைத்திருந்தவரை எப்படித் திட்டுவது?

ஜோ சாகிக்கையே பாருங்கள். கேப்டனாக கொலராடோ அவலாஞ்ச் அணிக்கு 1996, 2001 ஆண்டுகளில் ஸ்டான்லி கோப்பை (வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல்-இன் சாம்பியன் கோப்பை) வென்று தந்தவர். அவர் மேலாளராக இருந்த 2016-17 சீசனில் அணி 82 ஆட்டங்களில் எடுத்தது வெறும் 48 புள்ளி, லீக்கிலேயே கடைசி. வேறொருவராக இருந்தால் மூட்டை கட்ட வேண்டியிருந்திருக்கும். பழைய பேர்தான் அவருக்கு அவகாசம் வாங்கித் தந்தது என்பது என் கணிப்பு. சரி, 2022-இல் அவர் கட்டிய அணி கோப்பையை வென்றது.