காது அடைப்பு, குரும்பி: கேள்வி பதில்

கேள்வி: தினமும் குளித்ததும் பட்ஸ் போட்டுச் சுத்தம் செய்கிறேன், ஆனாலும் காது அடிக்கடி அடைத்துக்கொள்கிறதே?

பதில்: பட்ஸ் போடுவதால்தான் அடைக்கிறது. காது அழுக்கு என்கிறோமே, அந்தக் குரும்பி சுரப்பது காதுக் குழாயின் வெளிப்பகுதியில் மட்டும். அங்குள்ள தோல் மெல்ல வெளிப்பக்கம் நகர்ந்துகொண்டே இருப்பதாலும், நாம் பேசும்போதும் மெல்லும்போதும் தாடை அசைவதாலும் அது தானே வாசலுக்கு வந்து உதிர்ந்துவிடும். பட்ஸ் கொஞ்சத்தை ஒட்டி எடுத்துக் காட்டும் (அந்தத் திருப்திக்குத்தானே போடுகிறோம்), மீதியைச் செவிப்பறைப் பக்கம் தள்ளி இறுக்கிவிடும். பெரியவர்களுக்கே அந்தக் குழாய் சுமார் 2.5 செ.மீ. நீளம்தான். மடலைத் துண்டால் துடையுங்கள், போதும்.

கேள்வி: அடைத்தே விட்டது. வீட்டில் என்ன செய்யலாம்?

பதில்: வலி, சீழ், செவிப்பறையில் ஓட்டை, முன்பு காதில் ஆபரேஷன், இதில் எதுவும் இல்லையென்றால் மட்டும் மேலே படியுங்கள். ஒருக்களித்துப் படுத்து ஆலிவ் எண்ணெயோ மருந்துக்கடையில் கிடைக்கும் சோடியம் பைகார்பனேட் சொட்டு மருந்தோ இரண்டு மூன்று சொட்டு விட்டு, ஐந்து நிமிடம் அப்படியே இருங்கள். 3 முதல் 5 நாள் செய்யலாம். நடுவில் குரும்பி ஊறி உப்புவதால் அடைப்பு கூடியது போலத் தோன்றும், பயப்பட வேண்டாம். அப்படியும் வரவில்லையா, டாக்டர் தண்ணீர் பீய்ச்சியோ உறிஞ்சியோ எடுத்துவிடுவார். அந்தத் தண்ணீர் உடல் சூட்டில், அதாவது 37 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்க வேண்டும், இல்லையென்றால் தலை சுற்றும். சர்க்கரை நோய் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஈரம் தங்கித் தொற்று வந்தால் அவர்களுக்குத் தீவிரமாகலாம்.

கேள்வி: காதில் மெழுகுவத்தி வைத்து எடுக்கிறார்களே?

பதில்: வேண்டாம். அது எதையும் உறிஞ்சுவதில்லை. எரிந்த பின் அடியில் காட்டுவது அந்த மெழுகும் சாம்பலும்தான். காது சுட்டுக்கொள்வதுதான் மிச்சம்.

கேள்வி: குழந்தை காதில் எதையோ போட்டுக்கொண்டது, தண்ணீர் விடலாமா?

பதில்: பயறு, விதை என்றால் தண்ணீர் படவே கூடாது, உப்பி இறுகிவிடும். பட்டன் பேட்டரியாக இருந்தால் எந்தச் சொட்டும் விடாமல் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள், சில மணி நேரத்திலேயே உள்ளே அரித்துவிடும்.

கேள்வி: காலையில் எழுந்ததிலிருந்து ஒரு காது கேட்கவில்லை. வலி இல்லை. எண்ணெய் விட்டு ஒரு வாரம் பார்க்கலாமா?

பதில்: கூடாது. குரும்பியாகவும் இருக்கலாம்தான், ஆனால் உட்காது, நரம்பு பாதித்தாலும் இப்படித்தான் திடீரென்று கேட்காமல் போகும், வெறும் அடைப்பு மாதிரியே இருக்கும். ஸ்டீராய்டு சிகிச்சையைச் சீக்கிரம் ஆரம்பித்தால்தான் கேட்கும் திறன் திரும்ப வாய்ப்பு அதிகம். இன்றைக்கே காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள்.