மருத்துவ ஆராய்ச்சி இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று சொல்கிறதே, எதை நம்புவது?

கேள்வி கேட்டவர் சொல்வது இதுதான்: அந்தக் காலத்தில் காசநோய் வந்தால் சானடோரியத்தில், அதாவது காசநோய்க்கென்றே இருந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அப்புறம் வீட்டிலேயே மாத்திரை போதும் என்றார்கள். இப்போது மறுபடியும் சிலரை ஆஸ்பத்திரியில் சேரச் சொல்கிறார்கள், நன்றாகச் சாப்பிடு என்கிறார்கள். ஆராய்ச்சி என்று சொல்லி ஆளுக்கொன்று பேசினால் சாதாரண ஜனங்கள் எதை நம்புவது, அதனால் எங்களுக்கு என்ன பயன்?

நியாயமான கேள்வி. நான் டாக்டர் இல்லை. திருநெல்வேலி மாவட்டத்தில் முக்கூடல், பாப்பாக்குடி பக்கம் காசநோய்ப் பிரிவில் களப்பணி பார்க்கிறேன். சளி மாதிரியை டெஸ்டுக்கு அனுப்புவது, மாத்திரை ஒழுங்காக உள்ளே போகிறதா என்று வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது, எடை போட்டுப் பதிவது, இதுதான் என் வேலை. சென்னையிலும் ஜார்க்கண்டிலும் நடந்த ஆய்வுகளின் முடிவு கடைசியில் என் கையில் இருக்கிற எடை மிஷினுக்குத்தான் வந்து சேருகிறது. அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

சானடோரியத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். 1956-ல் மெட்ராஸில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் ஒன்றைத் தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு நான்கும் சேர்ந்து நடத்தியது. இன்றைக்கு சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். அங்கே வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை சானடோரியத்திலும் மறு பாதியை அவரவர் வீட்டிலும் வைத்து, ஒரே மருந்தை ஒரு வருஷம் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு இடம் நெருக்கடி, சாப்பாடு மட்டம், ஓய்வும் குறைவு. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல காற்று, நல்ல சாப்பாடு, நல்ல படுக்கை. அவர்களுக்கு எடையும் கூடுதலாக ஏறியது. ஆனால் 1959-ல் முடிவு வந்தபோது நோய் குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் கூட இருந்தவர்களுக்கும் அதனால் கூடுதலாக நோய் தொற்றவில்லை என்பதைப் பிறகு ஐந்து வருஷம் பார்த்து உறுதி செய்தார்கள்.

இந்த ஒரு முடிவால் எத்தனை உயிர் பிழைத்தது என்று நினைத்துப் பாருங்கள். அத்தனை நோயாளிகளுக்கும் கட்டில் போட இந்தியாவில் எங்கே இடம் இருந்தது? உலகம் முழுக்க சானடோரியங்களை மூடிவிட்டு, வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிடும் முறைக்கு மாறியதற்கு நம் சென்னை ஆய்வு ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் அதோடு இன்னொன்றும் நடந்தது. மருந்துதான் முக்கியம், சாப்பாடு அவ்வளவு முக்கியம் இல்லை என்ற எண்ணம் மெல்ல எல்லோர் மனதிலும் ஊறிவிட்டது. ஆய்வு கேட்ட கேள்வி குறுகலானது: மருந்து ஒழுங்காகப் போகிறவருக்கு, சானடோரியச் சாப்பாட்டால் குணமாவது கூடுமா? அதற்குத்தான் ‘பெரிதாக இல்லை’ என்ற பதில். சாப்பாடு இல்லாதவருக்கு நோய் எளிதில் வருமா, நோய் வந்தபோதே எலும்பும் தோலுமாக இருப்பவர் முதல் மாதத்தைத் தாண்டுவாரா என்று அந்த ஆய்வு கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்கும் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு பல பத்தாண்டுகள் ஓட்டிவிட்டோம்.

அந்த விட்டுப்போன கேள்வியைத்தான் ‘ரேஷன்ஸ்’ என்ற ஆய்வு கேட்டது. மங்களூரு ஏனெபோயா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகியோரும் சென்னை காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து, ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் 2019-லிருந்து செய்தார்கள். 2023 ஆகஸ்டில் லான்செட் இதழில் வந்தது. 2,800 நோயாளிகள், அவர்கள் வீட்டு ஆட்கள் 10,345 பேர். நோயாளிகள் எல்லோருக்கும் மாதம் 10 கிலோ உணவுப் பொட்டலம் உண்டு: அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய். வித்தியாசம் வீட்டு ஆட்களுக்குத்தான். ஒரு பகுதி வீடுகளில் அவர்களுக்கும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, கூடவே சத்து மாத்திரை. மற்ற வீடுகளில் வழக்கமான சாப்பாடுதான்.

வழக்கமான சாப்பாடு சாப்பிட்ட 4,724 பேரில் 122 பேருக்கு டி.பி. வந்தது. பொட்டலம் வாங்கிய 5,621 பேரில் 96 பேருக்கு வந்தது. மற்ற வேறுபாடுகளையும் கணக்கில் எடுத்துச் சரிசெய்தால் நோய் 39 சதவீதம் குறைந்தது. பரிசோதனையில் கிருமி உறுதியான நுரையீரல் காசநோய் மட்டும் என்றால் 48 சதவீதம். தடுப்பூசி இல்லை, புது மருந்து இல்லை, அரிசியும் பருப்பும்தான்.

இங்கே ஒரு விஷயம் கவனிக்கணும். பத்திரிகையில் ‘39 சதவீதம்’ என்று மட்டும் போடுவார்கள். நூறு பேரை எடுத்தால் 2.6 பேருக்கு வர வேண்டியது 1.7 ஆகக் குறைந்திருக்கிறது. ஏறத்தாழ 30 வீட்டுக்கு உணவு கொடுத்தால் ஒருவருக்கு நோய் வராமல் தடுக்கலாம் என்று ஆய்வாளர்களே கணக்குச் சொல்கிறார்கள். இரண்டு கணக்கும் உண்மைதான். ஆனால் எந்த ஆராய்ச்சிச் செய்தியைப் படித்தாலும் ‘எத்தனை சதவீதம்’ என்பதோடு ‘எத்தனை பேரில் எத்தனை பேர்’ என்றும் தேடிப் பாருங்கள். அதைச் சொல்லாத செய்தியை நான் நம்ப மாட்டேன்.

அதே ஆய்வில் இன்னொரு முடிவும் உண்டு. முதல் இரண்டு மாதத்தில் 5 சதவீதம் எடை கூடியவர்களுக்கு இறப்பு அபாயம் 61 சதவீதம் குறைவு. இது கொஞ்சம் வேறு ரகம். எல்லா நோயாளிகளுக்குமே பொட்டலம் கொடுத்ததால் இதில் குலுக்கிப் போட்டு ஒப்பிடவில்லை. எடை கூடியதால் பிழைத்தாரா, பிழைக்கிற உடம்பு என்பதால் எடை கூடியதா என்று முழுசாகப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் என்னைப் போன்ற ஆளுக்கு இது பெரிய உதவி. இரண்டாம் மாதம் எடை ஏறாத அட்டையைப் பார்த்தால் நான் அந்த வீட்டுக்கு முதலில் போவேன்.

எங்கள் பக்கம் பீடி சுற்றுகிற ஊர்கள். பீடிக்கடையில் இலையும் தூளும் வாங்கி வந்து, சுளகை மடியில் வைத்துக்கொண்டு காலையில் உட்கார்ந்தால் ஆயிரம் பீடிக்குக் கணக்குப் பார்த்துத்தான் எழுந்திருப்பார்கள். வீட்டில் எல்லோருக்கும் போட்டுவிட்டு மிச்சம் இருப்பதைச் சாப்பிடுகிற பெண்கள். நோயாளிக்கு என்று முட்டையும் கடலையும் கொடுத்தால் அது பேரப்பிள்ளை தட்டுக்குப் போகும். தடுக்கவா முடியும்? வீட்டுக்கே சேர்த்துக் கொடு என்று அந்த ஆய்வு யோசித்தது எனக்கு அதனால்தான் மிகவும் பிடித்தது. ஒரு பெண் தன் வீட்டில் எப்படிச் சாப்பிடுகிறாள் என்று தெரிந்தவர்கள் வகுத்த ஆய்வு அது.

இனி, ஏன் மறுபடியும் ஆஸ்பத்திரியில் சேரச் சொல்கிறார்கள் என்பதற்கு வருகிறேன். காசநோயில் இறப்பவர்களில் பெரும்பாலோர் சிகிச்சை ஆரம்பித்த முதல் இரண்டு மாதத்துக்குள் இறக்கிறார்கள். மாத்திரை வேலை செய்ய நாள் பிடிக்கும், அதுவரை உடம்பு தாங்க வேண்டும். 2022 ஏப்ரலில் தமிழ்நாடு ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ என்று ஒன்றைத் தொடங்கியது. சென்னையிலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் இதில் துணை நிற்கிறது. நோய் என்று தெரிந்த உடனே சில விஷயங்களைப் பார்க்க வேண்டும்: உயரத்துக்கு ஏற்ற எடை, காலில் வீக்கம், நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு, விரலில் மாட்டுகிற கருவியில் ஆக்ஸிஜன் அளவு, ஊன்றாமல் எழுந்து நிற்க முடிகிறதா. இதற்கு எக்ஸ்ரே வேண்டாம், ரத்தம் எடுக்க வேண்டாம், ஸ்பெஷலிஸ்ட் டாக்டர் வேண்டாம். மோசம் என்று தெரிந்தால் மேற்கொண்டு பரிசோதித்து ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும்.

போன வருஷம் ஓர் அக்கா வந்தார். 31 கிலோ, உயரம் 152 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு ஏற்ற எடையின் அளவு, 13.4 வருகிறது. 14-க்குக் கீழே போனாலே ஆபத்து. “எக்கா, கையை ஊனாம எந்திரிச்சு நில்லுங்க பாப்போம்” என்றேன். நாற்காலியின் கைப்பிடியை விட்டதும் கால் நடுங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டார். கணுக்காலில் விரலை அழுத்தி எடுத்தால் குழி மேலே வரவில்லை. ஆக்ஸிஜன் 92.

“ஆஸ்பத்திரியெல்லாம் வேண்டாம் சார். மாத்திரைய மட்டும் குடுங்க, வீட்ல இருந்தே சாப்பிட்டுக்கிடுதேன். ஒரு வாரம் பீடி குடுக்கலன்னா கடையில பேசுவாவ” என்றார்.

பழைய சென்னை ஆய்வை வைத்துப் பார்த்தால் அவர் சொன்னதில் தப்பே இல்லை, வீட்டிலேயே இருக்கலாம். ஆனால் இந்த உடம்புக்கு அந்தப் பதில் பொருந்தாது. மகளை உட்கார வைத்துப் பேசி, பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். ஆக்ஸிஜன், சத்துணவு, மற்ற பரிசோதனைகள் எல்லாம் பார்த்து, தானாக எழுந்து நடக்கிற நிலையில் வீட்டுக்கு விட்டார்கள். மீதி மாதங்கள் வீட்டில் இருந்தபடியே மாத்திரைதான். இரண்டாம் மாத முடிவில் 33 கிலோவுக்கு மேல் இருந்தார். எல்லோருக்கும் இப்படி அமைவதில்லை. தாமதமாக வந்து, சேர்த்தும் காப்பாற்ற முடியாமல் போனவர்களும் உண்டு. அந்த வீடுகளுக்குத் திரும்பப் போவது கஷ்டமான வேலை.

ஆக சென்னை ஆய்வு, ரேஷன்ஸ் ஆய்வு, இந்த இறப்பில்லாத் திட்டம் மூன்றும் ஒன்றை ஒன்று மறுக்கவில்லை என்பது என் எண்ணம். ஒன்று எங்கே வைத்துக் குணப்படுத்தலாம் என்று கேட்டது, ஒன்று வீட்டு ஆட்களை எப்படிக் காப்பது என்று கேட்டது, ஒன்று யார் முதலில் சாவார்கள் என்று கேட்டது.

மற்ற துறைகளிலும் இப்போது வருகிற நல்ல ஆய்வுகளில் பல இதே போக்கில்தான் இருக்கின்றன. பிரசவத்தில் ரத்தப்போக்கு பற்றி 2023-ல் வந்த இ-மோட்டிவ் ஆய்வைச் சொல்லலாம். கென்யா, நைஜீரியா, தென் ஆப்பிரிக்கா, தான்சானியாவில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சுகப்பிரசவங்களில் நடந்தது. பிரசவமான பெண்ணுக்கு அடியில் அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு ரத்தத்தை அளந்து, ஓர் அளவைத் தாண்டியதும் தெரிந்த வைத்தியங்கள் எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருக்காமல் சேர்த்துச் செய்தார்கள். கடும் ரத்தப்போக்கு, அதற்காக வயிற்றைத் திறக்கிற ஆபரேஷன், சாவு, இவை சேர்த்து 60 சதவீதம் குறைந்தது. இதில் என்னை உலுக்கியது வேறு எண்: பழைய முறையில் கண்ணால் பார்த்து மதிப்பிட்டபோது ரத்தப்போக்கு வந்தவர்களில் பாதிப் பேரைத்தான் கண்டுபிடித்தார்கள். அளந்தபோது 93 சதவீதம் பேரைக் கண்டுபிடித்தார்கள்.

மாரடைப்புக்கு நம் மாநிலத்திலேயே ஓர் ஆய்வு உண்டு. கோயம்புத்தூரைச் சேர்ந்த தாமஸ் அலெக்சாண்டர் குழுவினர் 2017-ல் வெளியிட்டது. சின்ன ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்து, அடைத்திருக்கும் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை அங்கேயே போட்டு, பிறகு ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ஆஞ்சியோ செய்வது என்று வழி அமைத்தார்கள். 2,420 நோயாளிகள். ஒரு வருஷத்துக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தார்கள். இது முன்னும் பின்னும் ஒப்பிட்ட ஆய்வு, குலுக்கல் ஆய்வு இல்லை, அதனால் அந்த அளவுக்கு உறுதியானது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அம்பாசமுத்திரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறவருக்கு எந்த ஆஸ்பத்திரி பெரிசு என்பதைவிட ஊசி எத்தனை மணிக்குப் போட்டார்கள் என்பது முக்கியம். நெஞ்சுவலி என்றால் கேஸ் டிரபிள் என்று சோடா குடித்துக் காத்திருக்காதீர்கள், 108-க்குக் கூப்பிடுங்கள்.

ஜார்க்கண்ட் முடிவை அப்படியே இங்கே தூக்கி வைக்கவும் கூடாது. அங்கே நோயாளிகளில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் எடை குறைந்தவர்கள். எங்கள் பக்கம் டி.பி.யோடு சர்க்கரையும் சேர்ந்து வருகிறவர்கள் நிறைய. அவர்களுக்கு அரிசியை அள்ளிக் கொடுத்தால் சர்க்கரை ஏறும், சர்க்கரை ஏறினால் டி.பி. அடங்காது. அவர்களுக்கு முட்டை, சுண்டல், மீன், கடலை என்று மாற்றிச் சொல்கிறோம். ஒல்லியாக இருப்பவர்களுக்கு எங்கள் ஊர் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் எந்தச் சத்துப் பவுடருக்கும் குறைந்தது இல்லை.

உங்கள் வீட்டில் யாருக்காவது டி.பி. என்று சொல்லியிருந்தால், எடை, ஆக்ஸிஜன், எழுந்து நிற்பது இவற்றைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். பார்க்கவில்லையென்றால் பார்க்கச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. வீட்டில் இருக்கிற எல்லோரையும், முக்கியமாகச் சின்னப் பிள்ளைகளைப் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள். நோய் இல்லை என்று உறுதியானால் தடுப்பு மாத்திரை கொடுப்பார்கள். சத்துணவுக்கு அரசு கொடுக்கிற பணம் மாதம் 500 ரூபாயாக இருந்தது, 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய். வங்கிக் கணக்கு விவரத்தை முதல் வாரமே கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் பணம் வந்து சேர மாதக்கணக்கில் இழுக்கும். சந்தேகம் இருந்தால் 1800-11-6666 என்ற இலவச எண்ணில் கேட்கலாம், அல்லது பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் டி.பி. பிரிவு ஆள் யார் என்று விசாரியுங்கள்.