கேம்பஸ் இன்டர்வியூவுக்கு முன்னால்: ஒரு அப்பாவின் கடிதம்

அன்புள்ள சார்,

என் மகள் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் கடைசி வருஷம் படிக்கிறாள். வயது 18. அடுத்த மாதம் கல்லூரிக்குக் கம்பெனிக்காரர்கள் ஆள் எடுக்க வருகிறார்கள். பிராக்டிகலில் கெட்டிக்காரி, ஆனால் புது ஆள் முன்னால் வாய் திறக்க மாட்டாள். "ரெஸ்யூமில் போட என்கிட்ட என்னப்பா இருக்கு?" என்கிறாள். ரெஸ்யூம், இன்டர்வியூ பயிற்சி எல்லாம் சேர்த்து ஒரு சென்டரில் ஆறாயிரம் கேட்கிறார்கள். கட்டலாமா? இங்கிலீஷ் வராததுதான் பெரிய பயம். நான் வேன் ஓட்டுகிறேன், எனக்கு இதில் ஒன்றும் தெரியாது.

செ., மதுராந்தகம்

அன்புள்ள செ.,

ஆறாயிரம் இப்போதைக்கு உங்களிடமே இருக்கட்டும். தமிழக அரசு 2022 மார்ச்சில் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் பாலிடெக்னிக் பிள்ளைகளுக்கும் பயிற்சி உண்டு. அவள் கல்லூரியில் என்ன நடக்கிறது என்று பிளேஸ்மென்ட் ஆபீசரிடம் முதலில் கேட்கச் சொல்லுங்கள்.

ஆள் எடுக்கிற மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவன் என்பதால் சொல்கிறேன். சென்டரில் செய்து தரும் ரெஸ்யூமைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். மேலே 'சவாலான சூழலில் என் திறமையை வளர்த்துக்கொள்ள' என்று ஒரு குறிக்கோள், நடுவில் 'கடின உழைப்பு, பாட்டுக் கேட்பது', கீழே 'மேற்கண்டவை அனைத்தும் உண்மை' என்று ஓர் உறுதிமொழி. எல்லாமே இங்கிலீஷில், பெயர் மட்டும் மாறும். கட்டுக்கட்டாகப் படிக்கிறவருக்குக் கண் நேராக மார்க், அரியர், புராஜெக்ட் மூன்றுக்கும்தான் போகும். அரியர் இருந்தால் மறைக்க வேண்டாம். கேட்டால் எந்தப் பேப்பர், எப்போது எழுதப் போகிறாள் என்று சொல்லிவிடலாம்.

18 வயதுப் பெண்ணுக்கு அனுபவம் இருக்காது என்று வருகிறவருக்குத் தெரியாதா? அவர் பார்ப்பது, கையால் செய்ததை வாயால் சொல்ல முடிகிறதா என்பதைத்தான். ஒரு சாயங்காலம் அவளை உட்கார வைத்து, மூன்று வருஷம் ஒர்க்‌ஷாப்பில் என்னதான் செய்தாய் என்று கேளுங்கள். உங்களுக்குப் புரியாவிட்டால் இன்னும் நல்லது, புரியும்வரை சொல்ல வேண்டியிருக்கும். அவள் சொல்வதைத் தம்பியோ தங்கையோ எழுதிக்கொள்ளட்டும். 'லேத் தெரியும்' என்று எழுதினால் அங்கேயே முடிந்துவிடும். 'லேத்தில் ஸ்டெப் டர்னிங், டேப்பர் டர்னிங் செய்திருக்கிறேன். வெர்னியர், மைக்ரோமீட்டரில் அளப்பேன்' என்று எழுதினால் அடுத்த கேள்வி எங்கே வரும் என்று அவளுக்கே தெரியும். லீஸ்ட் கவுண்ட், அதாவது அந்தக் கருவியால் அளக்க முடிகிற மிகச் சிறிய அளவு எவ்வளவு என்று கேட்பார்கள். கல்லூரி லேபில் இருக்கும் வெர்னியர் என்றால் பெரும்பாலும் 0.02 மி.மீ., மைக்ரோமீட்டர் 0.01 மி.மீ. அப்புறம், 'நீ செய்ததில் அளவு தப்பிப்போன பீஸ் ஏதாவது உண்டா, ஏன் தப்பியது?' என்று கேட்பார்கள். உண்மையில் லேத்தில் நின்ற பிள்ளைக்கு இந்த இடத்தில்தான் முகம் தெளியும்.

ரெஸ்யூமில் ஒரு வரி இருக்க வேண்டுமானால் அதைப் பற்றி மூன்று கேள்விக்காவது அவளால் பதில் சொல்ல முடிய வேண்டும். ஆட்டோகேட் என்ற டிராயிங் சாஃப்ட்வேரை ஒரு நாள் திறந்து பார்த்ததோடு சரி என்றால் அது வேண்டாம். உங்கள் வேனின் டீசல் கணக்கையும் சர்வீஸ் தேதியையும் அவள்தான் எழுதி வைக்கிறாளா? அப்படியென்றால் அதைப் போடுங்கள். எனக்கு அது 'டீம் பிளேயர்' என்ற வார்த்தையைவிடப் பெரிது.

புராஜெக்ட் விஷயம் கொஞ்சம் சங்கடமானது. நாலைந்து பிள்ளைகள் பணம் போட்டு புராஜெக்ட் சென்டரில் ரெடிமேடாக வாங்கிவிடுவது ஊரறிந்த கதை. அவள் குழுவும் வாங்கியிருந்தால், மிச்சமிருக்கும் நாட்களில் அதை முழுக்கக் கழற்றி மாட்டட்டும். எந்த மோட்டார், ஏன் அந்த மோட்டார், பேரிங் எங்கே, செலவு எவ்வளவு, அதில் அவள் கை பட்ட இடம் எது? இரண்டாவது கேள்வியில் பிடிபடுகிறவர்கள் அதிகம். பிடிபட்ட பிறகு மற்ற எந்தப் பதிலும் எடுபடாது.

இங்கிலீஷ். தன்னைப் பற்றி நாலு வரி இங்கிலீஷில் சொல்லப் பழகட்டும், அவள் சொந்த வாக்கியத்தில். மனப்பாடம் செய்ததென்றால் நடுவில் ஒரு சொல் விட்டுப்போனதும் மொத்தமும் நின்றுவிடும். அதற்கு மேல் திணறினால், "தமிழில் சொல்லலாமா சார்?" என்று கேட்கலாம். ஷாப் ஃப்ளோருக்கு, அதாவது மெஷின் ஓடும் இடத்துக்கு, ஆள் எடுக்க ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கமிருந்து வருகிறவர்களில் பலர் இதே பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. படித்து மேலே வந்தவர்கள்தான். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதும் நல்ல பதில். கூச்சம் போக, எதிர்வீட்டிலோ தெருவிலோ அவளுக்கு அதிகம் பழக்கமில்லாத பெரியவர் ஒருவரைக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் கேட்டால் சிரித்துவிடுவாள்.

ரெஸ்யூமில் யார் போன் நம்பர் இருக்கிறது? உங்களுடையது என்றால் மாற்றுங்கள். நீங்கள் வண்டியில் இருக்கும்போதுதான் அந்த அழைப்பு வரும். அவள் நம்பரைப் போட்டால், தெரியாத நம்பரை 'கட்' பண்ணும் பழக்கத்தை இந்த இரண்டு மாதம் அவள் விட வேண்டும். மெயிலில் ஸ்பாமையும் பார்க்கச் சொல்லுங்கள்.

வேலை கிடைத்தால் ஆர்டரில் அப்ரண்டிஸா, டிரெய்னியா, கான்ட்ராக்டா என்று பாருங்கள். 1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டப்படி எடுக்கப்படுகிறவர் பயிற்சியாளர்தான். ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலொழிய, பயிற்சி முடிந்ததும் வேலை தர வேண்டும் என்ற கட்டாயம் கம்பெனிக்கு இல்லை. அதனால் போகக் கூடாது என்று சொல்லவில்லை, தெரிந்து போகட்டும். டெபாசிட், யூனிஃபார்ம் காசு என்று முன்பணம் கேட்கிற இடத்துக்கு மட்டும் அனுப்பவே வேண்டாம். ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் காட்டலாம், கொடுத்துவிட்டு வரக் கூடாது.

கடைசியாக, தயாரிப்பில் உங்கள் பங்கு ஒன்று இருக்கிறது. ஷிஃப்ட் வேலைக்கு வருவாயா, ஓசூர் போட்டால் போவாயா, ஹாஸ்டலில் தங்குவாயா என்று கட்டாயம் கேட்பார்கள். பெண் பிள்ளைகள் நிறையப் பேர் அந்த இடத்தில், "அப்பாவைக் கேட்டுச் சொல்றேன் சார்" என்பார்கள். கேட்கிறவர் பேப்பரை ஓரமாக வைத்துவிடுவார். எது முடியும், எது முடியாது என்று இந்த ஞாயிற்றுக்கிழமையே அவளும் நீங்களும் அவள் அம்மாவும் பேசி முடித்துவிடுங்கள். முடியாது என்பதையும் அவளே அங்கே தெளிவாகச் சொல்லலாம், தப்பில்லை.

அன்புடன்.