வாசகர் கேள்விகள்: ஜெர்மனியில் குடியேறிய அமெரிக்கர்

போன இதழில், ஜெர்மனியில் மைன்ஸ் நகரத்தில் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரராக இருந்த ஓர் அமெரிக்க நண்பரைப் பற்றி எழுதியிருந்தேன். ஒஹாயோக்காரர், ஜெர்மன் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே தங்கிவிட்டவர். நல்ல வேலை, அன்பான குடும்பம், ஊரும் பிடித்த ஊர்தான், ஆனாலும் நவம்பர் பிறந்தால் மனுஷர் பேச்சைக் குறைத்துவிடுவார் என்று சொல்லியிருந்தேன். அந்த நாலு வரிக்கு வந்த கடிதங்களே இந்தப் பக்கங்களை நிரப்பப் போதும்.

கே: உலகமே அமெரிக்க விசாவுக்கு வரிசையில் நிற்கிறது. கையில் அந்தப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு, சம்பளமும் குறைவான ஜெர்மனிக்கு ஒருவர் எதற்காகப் போகிறார்? (மதுரை வாசகர்)

சம்பளம் குறைவு, அதில் பிடித்தமும் அதிகம், இரண்டும் உண்மை. ஆனால் சம்பளச் சீட்டை மட்டும் பார்த்தால் கணக்கு தப்பாகப் போகும். ஜெர்மனியில் வாரம் 5 நாள் வேலை செய்கிறவருக்குச் சட்டப்படியே வருடத்தில் 20 நாள் சம்பளத்தோடு விடுமுறை உண்டு, பெரும்பாலான கம்பெனிகள் அதற்கு மேலேயே கொடுக்கின்றன. அமெரிக்காவில் சம்பளத்தோடு இத்தனை நாள் விடுமுறை கொடுத்தாக வேண்டும் என்று மத்திய அரசுச் சட்டம் எதுவுமே இல்லை, முதலாளி பார்த்துக் கொடுப்பதுதான். காய்ச்சலில் படுத்தால் ஜெர்மனியில் 6 வாரம் வரை முழுச் சம்பளம் வரும், அதற்குப் பிறகும் படுக்கையில் இருந்தால் மருத்துவக் காப்பீடு ஒரு பங்கைக் கொடுக்கும். பிரசவத்துக்கு முன்னால் 6 வாரம், பின்னால் 8 வாரம் சம்பளத்தோடு ஓய்வு, அப்புறம் அப்பா அம்மா இரண்டு பேருக்குமே, வேலை போய்விடும் என்ற பயமில்லாமல், நீண்ட விடுப்பு எடுக்கும் உரிமை. அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணமே கிடையாது (பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் ஒரு செமஸ்டருக்கு 1500 யூரோ வாங்குகிறது). படிப்புக் கடனைத் தலையில் சுமந்து வளர்ந்த அமெரிக்கப் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

என் நண்பர் முதல் முறை ஆகஸ்டில் இரண்டு வாரம் லீவு கேட்கப் பயந்து பயந்து போனாராம். மேலாளர், இரண்டு வாரம் போதுமா, குழந்தைகளோடு கடலுக்குப் போனால் மூன்று வாரமாவது வேண்டாமா என்று கேட்டிருக்கிறார். அதைச் சொல்லும்போதே அவர் குரல் மாறிவிடும். அவருடைய அப்பா தொழிற்சாலையில் காலமெல்லாம் உழைத்தவர், இரண்டு வாரம் சேர்ந்தாற்போல வீட்டில் இருந்து இவர் பார்த்ததே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவருடைய மகள் ஆரம்பப் பள்ளிக்குத் தோழிகளோடு நடந்தே போவாள், பெரியவர்கள் யாரும் கூடப் போக வேண்டியதில்லை. துப்பாக்கிக்காரன் வந்தால் எங்கே ஒளிந்துகொள்ள வேண்டும் என்று அமெரிக்கப் பள்ளிகளில் நடக்கும் ஒத்திகை அந்தப் பள்ளியில் கிடையாது. பணத்தைப் பற்றிப் பேசும்போது எந்தப் பக்கமும் சாய்வார், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்கு ஊசலாட்டமே இல்லை.

கே: ஞாயிற்றுக்கிழமை அங்கே கடை எதுவும் திறக்காதாமே, நிஜமா? (திருச்சி வாசகி)

நிஜம்தான். ரயில் நிலையக் கடைகள், பெட்ரோல் பங்க், காலையில் சில மணி நேரம் ரொட்டிக்கடை, சில இடங்களில் மருந்துக்கடை, இவ்வளவுதான். இது வெறும் பழக்கம் என்று நினைக்காதீர்கள். ஞாயிறு ஓய்வு நாள் என்பது 1919-ல் எழுதிய வைமர் அரசியல் சட்டத்தில் இருந்தது, 1949-ல் வந்த இன்றைய அரசியல் சட்டம் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. அன்றைக்குச் சுவரில் துளை போடக் கூடாது, புல் வெட்டும் இயந்திரத்தை ஓட்டக் கூடாது, காலி கண்ணாடி பாட்டில்களைத் தெருமுனைத் தொட்டியில் போடுவதற்குக்கூடத் தடை, சத்தம் வருமே!

நடு ராத்திரியிலும் திறந்திருக்கும் கடைகளுக்குப் பழகி வந்தவருக்கு முதல் வருடம் எரிச்சலாக வரும். சனிக்கிழமை மாலைக்குள் பால், முட்டை எல்லாம் வாங்கியாக வேண்டும், மறந்தால் திங்கள்தான். ஆனால் நான் பார்த்த அமெரிக்கர்கள் அத்தனை பேருக்கும் சில வருடங்களில் அந்த நாள் பிடித்துப்போகிறது. குடும்பம் குடும்பமாக ரைன் நதிக்கரையில் நடப்பார்கள், திராட்சைத் தோட்டங்கள் வழியாக மேலே ஏறுவார்கள், மூன்றரை மணி வாக்கில் காபியும் கேக்கும். யாரும் எங்கும் ஓட வேண்டியதில்லை. ஊர் ஏக்கம் வருவதும் அதே ஞாயிறு மதியத்தில்தான். ஊரில் இருந்தபோது வேலை, கார், கடை, விளையாட்டு என்று நாள் நிரம்பி வழிந்தது. இங்கே அமைதி கிடைத்திருக்கிறது, அந்த அமைதியில் அம்மா வீட்டுப் பின்வாசல் ஞாபகம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. குறை இருந்தால்தான் ஊர் ஞாபகம் வரும் என்று நம்மில் பல பேர் நினைக்கிறோம். என் நண்பருக்கு அது நிறைவான நேரத்தில்தான் வந்தது, அதனாலேயே அவரால் யாரிடமும் சொல்லவும் முடியவில்லை. எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது, என்ன குறை உனக்கு என்று கேட்டால் அவர் என்ன பதில் சொல்வார்?

கே: வணக்கம். நான் ஜேர்மனியில் டோர்ட்மண்டில் இருக்கிறன். எங்கட வீட்டுக்கு மேல்மாடியில ஒரு அமெரிக்கப் பிள்ளை தனிய இருக்கிறா, படிக்க வந்தவா. போன வருசம் நன்றி நாள் அன்றைக்குப் படிக்கட்டில இருந்து அழுதுகொண்டிருந்தா. இந்த முறை அவவுக்கு ஏதும் செய்யலாம் என்று நினைக்கிறன், என்ன செய்யலாம்?

அக்கா, உங்கள் கடிதத்தைப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. முதலில் அந்த நன்றி நாளை, அதாவது தேங்க்ஸ்கிவிங்கைப் பற்றி: நவம்பர் மாதத்தின் நாலாவது வியாழக்கிழமை. அமெரிக்காவில் மதம், இனம் என்று பார்க்காமல் வீட்டுக்கு வீடு கொண்டாடும் பண்டிகை, நாடே பயணம் செய்து வீடு போய்ச் சேரும். ஜெர்மனியில் அது சாதாரண வேலை நாள். இருட்டு நாலரை மணிக்கே வந்துவிடும், மழை தூறும், வகுப்பு இருக்கும், தெருவில் போகிற யாருக்கும் இன்றைக்கு என்ன நாள் என்று தெரியாது. கிறிஸ்துமஸ் என்றால் சுற்றி உள்ளவர்களும் கொண்டாடுகிறார்கள், சந்தையும் விளக்கும் இருக்கிறது, அமெரிக்கர்கள் அதில் மயங்கியே போகிறார்கள். இந்த நாளில்தான் தன்னந்தனியாகத் தெரியும்.

வியாழனை விட்டுவிட்டு அந்தச் சனிக்கிழமையை வைத்துக்கொள்ளுங்கள், அங்கே உள்ள அமெரிக்கர்கள் பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். முழு வான்கோழி கடையில் சும்மா கிடைக்காது, துண்டு போட்டதுதான் இருக்கும், அதனால் இறைச்சிக்கடையில் இரண்டு மூன்று வாரம் முன்னாலேயே சொல்லிவைக்க வேண்டும். சிறியதாகக் கேளுங்கள், அமெரிக்க அளவுப் பறவை நம் வீட்டு அடுப்புக்குள் நுழையாமல் போகலாம். பூசணிப் பைக்கு டின்னில் அடைத்த விழுது தேடி அலைய வேண்டாம், ஹொக்கைடோ பூசணியை வேகவைத்து மசித்தால் அருமையாக வரும். சோள ரொட்டிக்கு மாவு துருக்கிக் கடையில் இருக்கும். கிரான்பெரி கிடைக்கவில்லையென்றால் ஜெர்மன்காரர்கள் மான் இறைச்சியோடு சாப்பிடும் ப்ரைசல்பேரன் ஜாம் கிட்டத்தட்ட அதே புளிப்பு.

ஆனால் ஒன்று, எல்லாவற்றையும் நீங்களே சமைத்து வைத்து அவளைக் கூப்பிட்டு உட்கார வைக்காதீர்கள். அவளைச் சமைக்க விடுங்கள். உங்கள் சமையலறை, உங்கள் பெரிய பாத்திரம், அவளுடைய பாட்டி செய்த முறை. அந்த நாளில் அவள் தவிப்பது வான்கோழிக்காக இல்லை, பரிமாற ஆள் இல்லையே என்றுதான். உங்கள் பிள்ளைகள், பக்கத்து வீட்டார், அவளுடைய வகுப்புத் தோழர்கள் நாலு பேர் என்று மேசையை நிரப்பிக் கொடுங்கள். ஆளுக்கு ஒரு பதார்த்தம் கொண்டுவருவது அவர்கள் வழக்கமும்தான், அதனால் உங்கள் இறைச்சிக் கறிக்கும் புட்டுக்கும் அந்த மேசையில் இடம் உண்டு. அப்புறம் வியாழன் இரவு மட்டும் அவளைத் தொந்தரவு செய்யாமல் விடுங்கள், வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்காரும் மதியம் 3 மணி, அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் என்றால், உங்களுக்கு இரவு 9. அவள் போனும் கையுமாக இருப்பாள்.

கே: ஜெர்மானியர்கள் சிரித்துப் பேச மாட்டார்கள் என்கிறார்களே, அமெரிக்கருக்கு அங்கே நண்பர்கள் கிடைப்பார்களா? (கோவை வாசகர்)

கிடைப்பார்கள், நேரம் ஆகும். ஒஹாயோவில் ஓர் உணவகத்துக்குப் போனால் பரிமாறும் அம்மா முன்பின் தெரியாதவரைக்கூட 'ஹனி' என்று கூப்பிட்டுக் காபியை நிரப்பிக்கொண்டே இருப்பார், கடையில் பில் போடுகிறவர் இன்றைக்கு எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பார். ஆழமில்லாத பேச்சு என்று ஐரோப்பியர்கள் அதைக் குறைவாகச் சொல்வது எனக்குப் பிடிப்பதில்லை. ஒரு நாளில் பத்து பேர் நம்மைப் பார்த்து முகம் மலர்ந்தால் அது உடம்பில் ஒட்டும். ஜெர்மனியில் பில் போடுகிறவர் வணக்கம் சொல்லிவிட்டுப் பொருள்களை வேகமாகத் தள்ளுவார், நாம் அதே வேகத்தில் பையில் போட வேண்டும். குப்பையைத் தவறான தொட்டியில் போட்டால் எதிர்வீட்டுப் பெரியவர் நேராக வந்து சொல்வார். அவர் கோபத்தில் சொல்லவில்லை, தெரிய வேண்டியதைச் சொல்கிறார், ஆனால் புதிதாக வந்தவருக்கு அன்று இரவு தூக்கம் வராது.

வழி என்னவென்றால் சங்கம். அந்த ஊரில் எல்லாவற்றுக்கும் பதிவு செய்த சங்கம் உண்டு, பாட்டுக்கு, பந்துக்கு, மலையேற்றத்துக்கு, தோட்டத்துக்கு, கிராமங்களில் தன்னார்வத் தீயணைப்புப் படைக்கும். என் நண்பர் ஒரு பாட்டுக் குழுவில் சேர்ந்தார். ரொம்ப நாள் யாரும் சொந்த விஷயம் எதுவும் கேட்கவில்லை. அப்புறம் அவர் வீடு மாற்றினபோது குழுவில் பாதிப் பேர் சனிக்கிழமை காலையில் வந்து நின்று பீரோவைத் தூக்கினார்கள். அப்படிக் கிடைத்த நட்பு இன்றுவரை நிற்கிறது.

கே: அங்கே இருக்கும் அமெரிக்க ராணுவத்தினருக்கும் இதே ஏக்கம் இருக்குமா? (வேலூர் வாசகர்)

அவர்கள் வாழ்க்கை வேறு மாதிரி. ராம்ஸ்டைன் விமானப்படைத் தளத்தைச் சுற்றியுள்ள கைசர்ஸ்லாட்டர்ன் பகுதியில் குடும்பங்களையும் சேர்த்துச் சுமார் 50,000 அமெரிக்கர்கள் இருக்கிறார்கள், அந்த நகரத்தையே 'கே-டவுன்' என்று சுருக்கிக் கூப்பிடுகிறார்கள். தளத்துக்குள் அமெரிக்கப் பள்ளிக்கூடம், டாலரில் வாங்கும் கடை, ஊர்ச் சாப்பாடு எல்லாம் உண்டு. சில வருடத்தில் மாற்றலும் வந்துவிடும். என் நண்பரைப் போலத் தனியாகக் குடியேறியவர்களுக்கு அந்த வாசலுக்குள் அனுமதி இல்லை.

கே: வெளிநாட்டில் வாழ்ந்தாலும் அமெரிக்கர் தன் நாட்டுக்கு வருமானக் கணக்குக் காட்ட வேண்டுமாமே? (சென்னை வாசகர்)

ஆமாம், குடிமகனாக இருக்கிறவரை வருடா வருடம். ஜெர்மனியில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம் என்பதால் பெரும்பாலோருக்குக் கடைசியில் கட்ட வேண்டியது ஒன்றும் இருக்காது, ஆனால் படிவம் போட்டாக வேண்டும். வெளிநாட்டு வங்கிக் கணக்குகளில் உள்ள தொகை சேர்ந்து வருடத்தில் எப்போதாவது 10,000 டாலரைத் தாண்டினால் அதற்குத் தனி அறிக்கை. 2010-ல் வந்த ஒரு சட்டத்தால் அமெரிக்க வாடிக்கையாளர் விவரங்களை வெளிநாட்டு வங்கிகளும் தெரிவிக்க வேண்டியிருக்கிறது, அந்தத் தலைவலிக்குப் பயந்து சில வங்கிகள் அவர்களுக்கு முதலீட்டுக் கணக்கே திறப்பதில்லை. நல்ல செய்தியும் உண்டு. 2024 ஜூன் 27 முதல் ஜெர்மனி இரட்டைக் குடியுரிமையைப் பொதுவாகவே அனுமதிக்கிறது, 5 வருடம் சட்டப்படி வாழ்ந்திருந்து மற்ற தகுதிகளும் இருந்தால் விண்ணப்பிக்கலாம். அமெரிக்கப் பாஸ்போர்ட்டைத் துறக்க மனசில்லாமல் பல வருடம் ஜெர்மனியில் ஓட்டுரிமை இல்லாமலே வாழ்ந்தவர்கள் இப்போது போய் விண்ணப்பிக்கிறார்கள். அதில் என் நண்பரும் ஒருவர்.

கே: உங்கள் நண்பர் ஒஹாயோவுக்குப் போய் வந்தால் ஏக்கம் தீர்கிறதா? (நாகர்கோவில் வாசகி)

சில நாளைக்கு. அம்மா, தம்பி, பழைய பள்ளித் தோழர்கள், ஐஸ் நிறைந்த தண்ணீர் டம்ளர், எல்லாம் சந்தோஷம். அப்புறம் ஜெர்மனியில் பழகிப்போன கெட்டியான, கருப்பான ரை தானிய ரொட்டியைத் தேட ஆரம்பிப்பார், எங்கே போவதற்கும் கார் எடுக்க வேண்டியிருப்பது சலிப்பாகும். அவருக்கு மிகவும் பிடித்தது மார்ச் மாதத்தில் வரும் சில வாரங்கள். கோடைக்கால நேரத்துக்காக அமெரிக்கா மார்ச் இரண்டாவது ஞாயிறே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிடும், ஜெர்மனி கடைசி ஞாயிறுதான் தள்ளும். இடையில் 6 மணி நேர வித்தியாசம் 5 ஆகிவிடும். அம்மா இப்போது ஒரு மணி நேரம் பக்கத்தில் இருக்கிறார் என்பார்.

கே: என் மகள் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவள், சிகாகோவில் பத்து வருடத்துக்கு மேல் இருந்தாள். இப்போது கம்பெனி மியூனிக்குக்கு மாற்றுகிறது. என்ன சொல்லி அனுப்புவது? (கும்பகோணம் வாசகி)

அமெரிக்கப் பாஸ்போர்ட் இருப்பதால் விசா இல்லாமல் இறங்கி, 90 நாளைக்குள் அங்கேயே குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் அனுமதி வரும்வரை வேலையில் சேர முடியாது, அதைக் கம்பெனியிடம் இப்போதே பேசச் சொல்லுங்கள். வீட்டுக்குக் குடிபோன 2 வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும், அந்தச் சீட்டு இல்லாமல் மற்ற வேலைகள் நகராது. வாடகை வீட்டில் சமையலறை மேடையும் அடுப்பும்கூட இல்லாமல் வெறும் சுவர் இருக்கலாம், விளம்பரத்திலேயே பார்த்துக்கொள்ளட்டும். அமெரிக்க மிக்ஸியையும் மின்சாரக் குக்கரையும் எடுத்துப் போக வேண்டாம், அங்கே மின்சாரம் அமெரிக்காவைவிட அதிகம், 230 வோல்ட். ஜெர்மன் மொழியை விமானம் ஏறும் முன்பே தொடங்கட்டும். ஓட்டுநர் உரிமம் 6 மாதம்தான் செல்லும், அதற்குப் பிறகு ஜெர்மன் உரிமம் வேண்டும், எந்த அமெரிக்க மாநிலத்து உரிமம் என்பதைப் பொறுத்துத் தேர்வு எழுத வேண்டுமா இல்லையா என்பது மாறும், அதனால் போன முதல் மாதமே ஓட்டுநர் உரிம அலுவலகத்தில் போய்க் கேட்கச் சொல்லுங்கள்.