வீட்டில் ஜப்பானிய மொழி: கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

என் மகளுக்கு ஏழு வயது. அனிமே பார்த்துப் பார்த்து, ஜப்பானிய மொழி படித்தே தீருவேன் என்று அடம்பிடிக்கிறாள். இங்கே பெரியவர்களுக்கான வகுப்புகள்தான் இருக்கின்றன. எனக்கும் ஒன்றும் தெரியாது. தமிழும் ஜப்பானியமும் ஒரே குடும்பம் என்கிறார்களே, எளிதாக வந்துவிடுமா? எழுத்துகளை ஆங்கிலத்திலோ தமிழிலோ எழுதிவைத்துத் தொடங்கலாமா? அவர்களுடைய பழக்கவழக்கங்களையும் சொல்லித்தர ஆசை. என்-5 என்கிற தொடக்கநிலை ஜப்பானிய மொழித் தேர்வை எழுதவைக்கலாம் என்கிறார் கணவர்.

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்பது நல்லதுதான். தெரிந்திருந்தால் பாடம் நடத்த ஆரம்பித்துவிடுவீர்கள். முதல் எழுத்திலிருந்து அவளோடு சேர்ந்து படியுங்கள். சீக்கிரமே உங்களை முந்திவிடுவாள், முந்தட்டும்.

இரண்டும் உறவு மொழிகள் என்று ஓனோ சுசுமு என்ற ஜப்பானிய அறிஞர் நெடுங்காலம் வாதாடினார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. அந்த வழக்கு நமக்கெதற்கு? உறவோ இல்லையோ, வாக்கியம் நம்முடையதைப் போலவே ஓடுகிறது. 'மிஸு ஓ நோமிமாஸ்' என்றால் தண்ணீரைக் குடிக்கிறேன். மிஸு தண்ணீர், 'ஓ' நம் ஐ உருபு, வினை கடைசியில். ஆகவே அவளுக்கு விளக்குவதைத் தமிழிலேயே விளக்குங்கள். ஆங்கிலம் வழியே போனால் ஒவ்வொரு வாக்கியத்தையும் குப்புறக் கவிழ்த்து, பிறகு நிமிர்த்த வேண்டியிருக்கும்.

காதும் நமக்குச் சாதகம். 'ஒபசன்' அத்தை, 'ஒபாசன்' பாட்டி. ஆங்கிலம் மட்டும் அறிந்தவர்கள் இதில் தடுமாறுவார்கள். குறில் நெடில் படித்த குழந்தைக்கு இது ஒரு விஷயமே இல்லை. 'கிதெ' என்றால் வா, 'கித்தெ' என்றால் தபால்தலை. நடுவில் ஓர் ஒற்றுதான் வித்தியாசம்.

ஆனால் தமிழில் எழுதிவைத்துப் படிக்கவே படிக்காதீர்கள். பெர்சிமன் பழத்துக்கும் சாவிக்கும் அங்கே தனித்தனிச் சொற்கள் (kaki, kagi). தமிழில் எழுதினால் இரண்டும் 'ககி'தான். வல்லோசையும் மெல்லோசையும் ஒரே எழுத்துக்குள் ஒளிந்துகொள்ளும். ஜப்பானியர் எழுத்தின் தோளில் இரண்டு சின்னக் கோடு போட்டு அதைப் பிரித்துவிடுகிறார்கள். ஆங்கில எழுத்தும் வேண்டாம், பள்ளிக்கூட உச்சரிப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். நேரே ஹிராகனா என்கிற அடிப்படை எழுத்துமுறைக்குப் போங்கள். அடிப்படை எழுத்துகள் 46. அட்டவணை நம் உயிர்மெய் வரிசை மாதிரியே இருக்கும்: அ, இ, உ, எ, ஒ முடிந்ததும் க வரிசை, ச வரிசை, த வரிசை. பௌத்தத் துறவிகள் 'சித்தம்' என்ற பழைய இந்திய எழுத்தில் சமஸ்கிருதம் படித்ததிலிருந்து வந்த ஒழுங்கு அது. பெரிய கட்டம் போட்ட கணக்கு நோட்டில், கட்டத்துக்கு ஓர் எழுத்தாக, கோடுகளின் வரிசை மாறாமல் எழுதட்டும். பிறமொழிச் சொற்களை எழுதும் கட்டகானா அப்புறம். சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்துகளைப் பற்றி இப்போது கவலையே வேண்டாம். ஜப்பானில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே 80தான்.

அனிமே பார்க்கட்டும். ஆனால் அதில் வரும் 'ஒரே' (நான்), 'ஒமாஎ' (நீ) எல்லாம் 'டா' போட்டுப் பேசுகிற ரகம். ஒரு ஜப்பானியரிடம் போய் அப்படிப் பேசிவைத்தால் அவர் முகம் மாறும்.

பழக்கவழக்கம் என்றதும் பலர் யுகாதா என்கிற ஜப்பானிய உடையை வாங்கிப் போட்டுப் புகைப்படம் எடுக்கிறார்கள். அதனால் கெடுதல் ஒன்றுமில்லை, பயனும் இல்லை. அங்கே பிள்ளைகள் வகுப்பறையைத் தாங்களே பெருக்குகிறார்கள், மதியச் சாப்பாட்டை முறைவைத்துப் பரிமாறுகிறார்கள். வாரத்தில் ஒரு நாள் பரிமாறும் வேலையை அவளிடம் விடுங்கள். சாப்பிடும் முன் எல்லோரும் கைகூப்பி, உணவுக்கு நன்றி சொல்வதுபோல 'இததாகிமாஸ்' சொல்லுங்கள், கணவரும்தான். பிப்ரவரி 3 வாக்கில் வரும் செட்சுபுன் விழாவில் அவருக்கு அரக்கன் முகமூடி மாட்டி, வறுத்த சோயாவை எறிந்து விரட்டுங்கள். எறிந்த பிறகு வயதுக்கு ஏற்ற எண்ணிக்கையில் தின்ன வேண்டும். அவளுக்கு ஏழு போதும், உங்கள் பாடு உங்களுக்கு.

தேர்வு இப்போது வேண்டாம். அந்தத் தேர்வில் பேச்சும் கிடையாது, கையால் எழுதுவதும் கிடையாது, விடையைத் தேர்ந்து குறிப்பதுதான். ஏழு வயதில் தேவையானவை அந்த இரண்டும்தான்.

அதற்குப் பதிலாக 'கருதா' என்கிற அட்டை விளையாட்டு விளையாடுங்கள். ஓர் அட்டையில் படம், மூலையில் வட்டத்துக்குள் அந்தச் சொல்லின் முதல் எழுத்து. எல்லாவற்றையும் தரையில் பரப்பி, ஒருவர் சொல்லை வாசிக்க, மற்றவர்கள் பாய்ந்து அந்த அட்டையைத் தட்டி எடுக்க வேண்டும். தவறான அட்டையைத் தொட்டால் தண்டனை உண்டு. சார்ட் தாளில் நீங்களே வெட்டிக்கொள்ளலாம். 46 வெட்டாதீர்கள். 'ஓ' உருபுக்கான எழுத்திலும் கடைசி 'ன்'னிலும் சொல் தொடங்காது. 44 போதும்.